அம்மாவுக்காக அச்சடித்த கார்டு

எங்கள் வீட்டில் சொத்து என்று ஒன்றும் கிடையாது. பிடிவாதம் மட்டும் உண்டு, அதுவும் தாய்வழி வந்தது. அம்மா ஐம்பது வயதில் ஏழாம் வகுப்புத் தேறியது அந்தப் பிடிவாதத்தில்தான். அதைக் கொண்டாட ஒரு பெரிய ஹோட்டலைத் தேடி நான் ஒரு மாதம் திருவனந்தபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததும் அதே பிடிவாதத்தில்தான்.

அம்மா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு அப்பாவின் பின்னால் இந்த ஊருக்கு வந்தவள். அப்பாவுக்குச் சாலை பஜாரில் ஒரு டீக்கடையில் மாஸ்டர் வேலை. அம்மாவுக்கு அதே பஜாரில் ஒரு மொத்த மளிகைக் கடையின் பின்கட்டில், மூட்டை மூட்டையாக வரும் பருப்பிலும் உளுந்திலும் கல் பொறுக்கும் வேலை. பள்ளிக்கூடத்து வாசலை அவள் மிதித்ததே இல்லை. தமிழும் வாசிக்கத் தெரியாது, மலையாளமும் வாசிக்கத் தெரியாது. பேச்சு மட்டும் இரண்டிலும் தூள் பறக்கும்.

ஒரு நாள் மெடிக்கல் காலேஜில் படுத்திருந்த சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கிழக்கேகோட்டைக்கு வர வேண்டியவள் பேரூர்க்கடை பஸ்ஸில் ஏறிவிட்டாள். வழக்கமாகப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். அன்றைக்குக் கேட்டதற்கு ஒருவன், "போர்டுல எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா" என்கிற பாவனையில் மலையாளத்தில் எரிந்து விழுந்திருக்கிறான். ரோஷத்தில் யாரையும் கேட்காமல் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே, எங்கள் வார்டில் பெரியவர்களுக்காக நடந்துகொண்டிருந்த எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் நாலாம் வகுப்புக்குச் சமமான தேர்வு, பிறகு ஏழாம் வகுப்புக்குச் சமமானது. எல்லாம் சேர்ந்து நாலு வருஷம் ஆயிற்று. வகுப்பு மலையாளத்தில்தான். தாய்மொழியில் ஒரு எழுத்தும் தெரியாதவள் மலையாளத்தில் கட்டுரை எழுதினாள். பாட்டுக்குப் பொழிப்புரை எழுதினாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ்தான் உதைத்தது. கடைசியில் மார்க்கு வந்தபோது இங்கிலீஷில் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். "தப்பிச்சோம் பொழைச்சோம்னு பாஸாயிருக்கம்மா" என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் நான் அவளிடம் ஒன்று கேட்டிருந்தேன். எனக்குக் கழக்கூட்டத்தில், அந்தப் பெரிய ஐ.டி. வளாகத்தில் வேலை கிடைத்து இரண்டாவது வருஷம். கையில் சம்பளம், மனதில் மிதப்பு. "பாஸாயிட்டா என்னம்மா வேணும்? என்ன வேணாலும் கேளு."

அம்மா யோசிக்கவே இல்லை. பல நாளாக எடுத்து வைத்திருந்த பதில் போல வந்தது. "பெரிய ஹோட்டல்ல போயி உக்காரணும். அவுக குடுக்கிற கார்ட நானே வாசிக்கணும். எனக்கு வேண்டியத நானே ஓர்டர் சொல்லணும். அது வரைக்கும் உங்கப்பா வாயத் தொறக்கப்பிடாது. கேட்டியா?"

தமிழ் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கவில்லை.

அம்மா சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். வருஷத்தில் மூன்றோ நாலோ தடவைதான் நாங்கள் ஹோட்டலுக்குப் போவோம். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் நாள், ஆற்றுகாலில் பொங்காலை இட்டு முடித்த நாள், இப்படி. அப்பா நாற்காலியை இழுக்கும்போதே ஆர்டர் சொல்லிவிடுவார். "ஆறு பொரோட்டா, ரெண்டு முட்டைக்கறி, மூணு சாயா." சுவரில் பெரிய போர்டில் இருபது பலகாரம் எழுதியிருக்கும். அப்பா அந்தப் பக்கம் திரும்பமாட்டார். உனக்கு என்ன வேண்டும் என்று அம்மாவை ஒரு நாளும் கேட்டதில்லை. வருவதை அம்மா தின்றுவிட்டு எழுந்திருப்பாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் ஹோட்டலில் வாயைத் திறந்து கேட்டது தண்ணீர் மட்டும்தான். அவள் வாயிலிருந்து ஒரு ஆர்டர் வர வேண்டும். காரியம் அவ்வளவுதான். செய்துவிடலாம் என்றேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. பெரிய ஹோட்டல்களின் மெனு கார்டு எல்லாமே இங்கிலீஷில் இருந்தது. அம்மா படித்ததோ மலையாளம். சுவரில் மலையாளத்தில் எழுதிப் போட்டிருப்பவை சின்ன ஹோட்டல்கள், அங்கே கார்டே கிடையாது. கார்டு இருக்கிற இடத்தில் மலையாளம் இல்லை, மலையாளம் இருக்கிற இடத்தில் கார்டு இல்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். எனக்கு அன்றுதான் வெறி பிடித்தது. இத்தனை பெரிய ஊரில், மலையாளிகள் வாழும் ஊரில், மலையாளத்தில் ஒரு மெனு கார்டு இருக்காதா?

தம்பானூரில் ஒரு ஹோட்டலில் ஆரம்பித்தேன். ஸ்டாச்சுவில் இரண்டு, கவடியார் பக்கம் ஒன்று, கோவளம் போகிற வழியில் ஒன்று. உள்ளே போவேன், ஏ.சி. குளிரில் நிற்பேன், ஒரே கேள்வி கேட்பேன். ஒரு மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எந்தச் சங்கத்திலிருந்து வருகிறேன் என்று கேட்டார். மொழியைக் காப்பாற்ற யாரோ கொடி பிடித்து வந்துவிட்டார்கள் என்று பயந்திருக்கிறார். நான் தமிழச்சி என்றதும் இன்னும் குழம்பிப்போனார். இன்னொருவர், "இவிடெ வருந்நவர்க்கு இங்கிலீஷ் அறியாம்" என்றார். இங்கே வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாம். எங்கள் அம்மா அந்த ஆட்களில் சேர்த்தி இல்லை என்று அவர் முகமே சொல்லியது. அந்த ஹோட்டலை இன்றுவரை நான் மிதிக்கவில்லை.

ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருத்தி பஃபே உள்ள இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வரிசையாகப் பாத்திரம் வைத்திருப்பார்கள், பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், கார்டே வேண்டாம். யோசனை நல்லதுதான். ஆனால் அம்மா கேட்டது சாப்பாட்டை இல்லையே. அப்பா தன் பங்குக்கு, சாலை பஜாரில் அவருக்குத் தெரிந்த ஒரு ஹோட்டலைச் சொன்னார். "அங்க நம்ம ஆளு ஒருத்தன் நிக்கான். நம்மளப் பாத்தா கறி ரெண்டு துண்டு கூட வைப்பான்." அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கடைசியில் பாளையம் பக்கம் ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடியில் எனக்கு வழி கிடைத்தது. அங்கேயும் கார்டு இங்கிலீஷில்தான். ஆனால் சப்ளையர்களை மேய்க்கிற, கறுப்புக் கோட்டுப் போட்ட கேப்டன் ஒருவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். நடுவில் குறுக்கிடாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டு முடித்தவுடன் எனக்கே அந்த நிமிஷத்தில் ஒரு யோசனை தோன்றியது. "நானே மலையாளத்துல அடிச்சுக் கொண்டுவந்தா, உங்க கவர்ல வச்சு எங்க அம்மா கையில குடுப்பீங்களா?" அவர் சமையலறைக் கதவைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே, கூட்டம் வருவதற்கு முன்னால் வந்துவிடச் சொன்னார். தங்கள் கார்டில் ஒன்றை ஒரு நாளுக்குக் கடனாகவும் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு செக்ரட்டேரியட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு டி.டி.பி. கடைக்குப் போனேன். மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அடிக்கிற கடை. அடிக்கிற சேச்சி ஆறு பக்கக் கார்டைப் புரட்டிவிட்டு, "இது முழுவனும் வேணோ?" என்று கேட்டாள். முழுவதுமா வேண்டும்? நல்ல கேள்விதான். கார்டைக் கடையிலேயே நகல் எடுத்து, அதில் பேனாவை வைத்தேன்.

அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பவள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐட்டங்களை வாசிப்பதற்குள் களைத்துப்போவாள், பக்கத்தில் சப்ளையர் நின்றுகொண்டே இருப்பான். வாயில் நுழையாத பெயர்களை முதலில் கோடு போட்டு அடித்தேன். பிறகு அவளுக்குப் பிடிக்காதவற்றை அடித்தேன். சீஸ் போட்டது, காளான் போட்டது. நண்டு எங்கள் வீட்டில் செய்வதே இல்லை, அடித்தேன். கணவாய், வாத்து, முயல், அடித்தேன். அம்மாவுக்கு மீன் பிடிக்கும், மீனில் நாலைந்தை விட்டுவைத்தேன். விலையை மறக்காமல் போடச் சொன்னேன். விலை தெரியாமல் அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வாங்கமாட்டாள். ஆறு பக்கம் இரண்டு பக்கம் ஆயிற்று. கெட்டித் தாளில், கொஞ்சம் பெரிய எழுத்தில் அழகாக வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகத்தில் எந்த மகளும் தாய்க்கு இப்படி ஒன்றைச் செய்திருக்கமாட்டாள் என்று அன்றைக்கு நான் நிஜமாகவே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மெரூன் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். இலவச முகாமில் கிடைத்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினாள். பஸ்ஸில் வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தாள். அப்பா வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

கேப்டன் சொன்னபடி சன்னலோரம் மேஜை போட்டு வைத்திருந்தார். மூன்று பேருக்கும் மூன்று தோல் அட்டைக் கவர்களை மரியாதையாக நீட்டினார். அம்மாவுக்கு நீட்டும்போது என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். அம்மா கவரைத் திறந்தாள். மலையாள எழுத்தைக் கண்டதும் அவள் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். ஒரு மாத அலைச்சலும் அந்த ஒரு நொடியில் தீர்ந்துபோயிற்று.

வலது கை ஆட்காட்டி விரலை முதல் வரியின் அடியில் வைத்தாள். பருப்பில் கல் பொறுக்கும் விரல் அது, ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாது. சூப்பிலிருந்து ஆரம்பித்தாள். உதடு அசைய, ஒவ்வொன்றாக, விலையோடு. சப்ளையர் வந்து நின்றான், போனான், மறுபடியும் வந்தான். அப்பாவுக்குப் பசி. "ஒரு பிரியாணிய சொன்னா…" என்று ஆரம்பித்தார்.

"பேசாம இரிங்க" என்றாள் அம்மா, விரலை எடுக்காமலே.

அவள் முதல் பக்கம் முடிப்பதற்குள் ஹோட்டல் நிறைந்துவிட்டது. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து, சொல்லி, சாப்பாடும் வந்துவிட்டது. புகை கிளம்பும் தட்டு ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. சிவப்பாக, மசாலா மினுங்க, காலை விரித்துக்கொண்டு நண்டு. அந்த வாசனை எங்கள் மேஜையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கேப்டனைக் கூப்பிட்டு மலையாளத்தில் கேட்டாள். "அதெந்துவா?"

"ஞண்டு ரோஸ்ட், சேச்சி."

அம்மா தலையாட்டினாள். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். விரல் மறுபடியும் மேலிருந்து கீழே இறங்கியது. இரண்டாம் பக்கமும் முடிந்தது. "இதுல இல்லியே" என்றாள். பிறகு கையை நீட்டி, என் முன்னால் இருந்த கார்டைத் தூக்கிப் பார்த்தாள். அப்பாவுடையதையும் தூக்கிப் பார்த்தாள். மொத்த மளிகைக் கடையில் முப்பது வருஷம் இருந்தவள், எடையில் அவளை ஏமாற்ற முடியாது.

"ஏட்டி, இது யாரு எழுதுனது?"

கேப்டன் சன்னல் வழியாக வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார். நான் உண்மையைச் சொன்னேன். இங்கிலீஷில்தான் கார்டு இருந்தது, அவளுக்காக நானே மலையாளத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தேன் என்றேன். அம்மாவின் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். கலங்கவில்லை.

"நண்ட ஏன் எடுத்த?"

"நீ சாப்பிட மாட்டன்னு நெனச்சேன்மா. வீட்டுல செய்யறதில்லையே."

"உங்கப்பாவுக்கு ஒத்துக்காது, அதனால செய்யல. எனக்கு ஒத்துக்காதுன்னு யாரு சொன்னா? எங்கிட்ட கேட்டியா?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. கல்லையும் பருப்பையும் பிரித்து வைக்கிற நிதானத்தில்தான் சொன்னாள். "முப்பது வருசமா எனக்குள்ளத அவுக வாயால சொன்னாக. நீ அச்சடிச்சு சொல்லியிருக்க. அம்புட்டுதான் வித்தியாசம்."

கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஒரு மாதம் ஊரெல்லாம் அலைந்து, அவள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுத்து முடித்திருக்கிறேன். அது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. "மன்னிச்சிரும்மா. நான் வாசிச்சுச் சொல்றேன், இதுல எல்லாம் இருக்கு" என்று என் கார்டைப் பிரித்தேன்.

அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நான் ஏழாங்கிளாஸ் பாஸு" என்றாள். "இங்கிலீசும் சேத்துத்தான்."

அம்மா கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டாள். முதல் பக்கம், முதல் வரி. ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி, சேர்த்துப் பார்த்து, நகர்ந்தாள். சுற்றி இருந்த மேஜைகளில் தலைகள் திரும்பின. சப்ளையர் நோட்டும் பேனாவுமாக நின்றான். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நண்டு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், டி.டி.பி. கடையில் நான்தானே அதைக் கோடு போட்டு நீக்கினேன். நாலாம் பக்கத்தைக் காட்ட விரலை நீட்டினேன். அம்மா என் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தோடு கூச்சம் போய்விட்டது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்று பக்கம் தாண்டினாள். நாலாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது. "சி… ஆர்… ஏ… பி." ஒரு மூச்சு விட்டாள். "க்ராப்." பக்கத்து மேஜையின் தட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், சப்ளையரை நிமிர்ந்து பார்த்தாள். "ஞண்டு ரோஸ்ட். ஒண்ணு."

அவள் வாயால் ஒரு ஹோட்டலில் கேட்ட முதல் ஆர்டர் அது. கேப்டன் தானே ஓடிப்போய்ச் சமையலறையில் சொன்னார்.

நான் என் பங்குக்கு ஒரு சாப்பாடு சொன்னேன். அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கார்டு திறக்காமலே கிடந்தது. அம்மா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். "உங்கப்பாவுக்கு இங்க உள்ள போர்டு வாசிக்கத் தெரியாதுட்டி" என்றாள் என்னிடம், சர்வ சாதாரணமாக. "அதான் எங்க போனாலும் பொரோட்டா, முட்டைக்கறி. நாலு பலகாரத்துப் பேரு தெரியும், அதையே சொல்லுவாக. உனக்குத் தெரியாதாக்கும்."

எனக்குத் தெரியாது. இருபத்துநாலு வருஷம் அவர் மகளாக இருந்தும் தெரியாது. அம்மா நான் அடித்த மலையாளக் கார்டை எடுத்து, அப்பாவுக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இரண்டு பக்கமும் முடிந்தது.

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "பொரோட்டாவே சொல்லு. எனக்கு அதுதான் பிடிக்கும்."

"கேட்டுச் சொன்னா செரி" என்றாள் அம்மா, நிறைவாக.

அம்மா இங்கிலீஷ் கார்டில் மிச்சமிருந்த பக்கங்களையும் விரல் வைத்து வாசித்து முடித்த பிறகுதான் நண்டு வந்தது. அதை எப்படி உடைப்பது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அம்மா பக்கத்து மேஜையைப் பார்த்துப் பார்த்து உடைத்தாள். பட்டுப்புடவையில் மசாலா தெறித்ததைப் பொருட்படுத்தவில்லை. கடைசிக் கால்வரைக்கும் உறிஞ்சினாள். எனக்கு ஒரு துண்டு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, பயந்து பயந்துதான் கேட்டேன். "நண்டு எப்பிடிம்மா இருந்தது?"

"காரம் பத்தல." தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டை வாசித்துவிட்டு, கிழக்கேகோட்டைதான் என்று உறுதி செய்துகொண்டு, பைக்குள் கண்ணாடியை வைத்தாள். "அடுத்த தடவ வாத்து. அதையும் நீ எடுத்திருந்த. அஞ்சாம் பக்கம்."